ப்ரீதரில் வழியும் ஆயில்: இன்ஜினைப் பிரிக்கும் முன் கேஜைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரை இதற்கு மேல் சொல்லவில்லை. 2021இல் கடன் போட்டு வாங்கிய பிஎஸ் 6 டீசல் பிக்கப். அவரே டிரைவர், அவரே முதலாளி. தினமும் விடியும் முன்பே சுற்றுக் கிராமங்களில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குகிறார். ஒரு நடை எட்டு, பத்து கிலோமீட்டர்தான். பேட்டரி கொஞ்சம் வீக் என்பதால் லோடு இறங்கும் வரை இன்ஜினை அணைப்பதில்லை. வாரம் ஒருமுறை பாலக்காடு போய் வருகிறார். வண்டி இதுவரை 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

வாரண்டி காலத்திலேயே லேசாக இருந்த ஆயில் கசிவு நான்கு மாதமாக அதிகம். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து ஏர் பைப்புக்குப் போகும் ப்ரீதர் ஹோஸ் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்) ஊறிப்போய், அதற்குக் கீழே காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ, அப்புறம் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் வரைக்கும் ஈரம். வண்டி நிற்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. முதல் மெக்கானிக் "ரிங், பிஸ்டன் போயிருச்சு, 85,000 ஆகும்" என்றிருக்கிறார். இரண்டாமவர் டர்போவை மாற்றச் சொன்னார். மூன்றாவதாக வந்த நண்பர் காசே வாங்காமல் ஒரு வழி செய்தார். ப்ரீதர் ஹோஸை ஏர் பைப்பிலிருந்து பிடுங்கி, கீழே இறக்கி, முனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கம்பியால் கட்டினார். ஏர் பைப்பில் மிஞ்சிய ஓட்டையைத் துணியைச் சுருட்டி அடைத்தார். அன்றிலிருந்து இன்ஜின் காய்ந்து கிடக்கிறதாம், பாட்டில்தான் வாரம் கால்வாசி நிறைகிறதாம். மச்சான் ஒருவர், ஹோஸிலேயே ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்துவிட்டால் பாட்டிலும் வேண்டாம் என்கிறாராம்.

இப்படியே ஓட்டலாமா, இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா, கெட்டி ஆயில் ஊற்றினால் நிற்குமா, கம்பெனியிடம் கேட்க வழி உண்டா, ஒன்றும் சரிவராவிட்டால் நன்றாகக் கழுவி விற்றுவிடலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான கேஜைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இப்படி எழுதியிருக்கிறார்: "இவ்வளவு ஒழுகியும் கேஜில் ஆயில் குறையவே இல்லை. மேல் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. நடுவில் இரண்டு தடவை டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு எரிந்து தானாக அணைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது."

தம்பி, உங்கள் நான்கு பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் கடைசி வரிகள்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தத் துணி.

இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் பைப் அது. அதில் எப்போதும் இழுவை இருக்கும். மேட்டில் லோடோடு ஏறும்போது இழுவை கூடும். சுருட்டி வைத்த துணி கொஞ்சம் தளர்ந்தால் நேரே டர்போ சக்கரத்துக்குள்தான் போகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சக்கரம் அது. துணி உள்ளே போகாவிட்டாலும், அதன் இழை வழியாகத் தூசி போய்க்கொண்டே இருக்கும். ஃபில்டரைத் தாண்டிய இடம் என்பதால் தடுக்க ஆளில்லை. உங்கள் ஊர்ச் செம்மண் சாலையில் அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் மணல் தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்கும். ரிங் இன்னும் போகவில்லை என்றால் இந்தத் துணியே அதைப் போக்கிவிடும்.

ஹோஸைப் பழையபடி ஏர் பைப்பில் மாட்டி, புது கிளிப் போடுங்கள். ஆனால் மாட்டிய கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்காடு கிளம்பிவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ப்ரீதர் எதற்கு இருக்கிறது

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் ஒரு துளி அதைத் தாண்டி, கீழே ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் பக்கம் இறங்கத்தான் செய்யும். பட்டறையில் இதை ப்ளோபை என்போம். ஷோரூமிலிருந்து வந்த வண்டியிலும் இது உண்டு. இறங்கிய வாயு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அது வெளியே வர இருக்கும் மூக்குதான் ப்ரீதர். வரும்போது வாயு சும்மா வராது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அடித்த ஆயிலைப் புகைபோல் தூக்கிக்கொண்டு வரும். டேப்பட் கவருக்குள் இருக்கும் தடுப்புகளும் வலையும் அந்த ஆயிலைப் பிரித்துத் திரும்பக் கீழே அனுப்பும். மிச்சம் ஹோஸ் வழியாக ஏர் பைப்புக்குப் போய் இன்ஜினிலேயே எரிந்துவிடும்.

பழைய லாரிகளில் இந்தக் குழாய் தரையைப் பார்த்துத் தொங்கும். வண்டி நின்ற இடமெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் போகும், யாரும் கவலைப்பட்டதில்லை. உங்கள் வண்டியில் அது மூடிய சுற்று. ஆகவே ஹோஸின் உள்ளே ஆயில் ஈரம் இருப்பதும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றினால் விரலில் லேசாக ஒட்டுவதும் கோளாறு இல்லை. ஹோஸுக்கு வெளியே வழிவதும், பாட்டிலில் வாரம் கால் லிட்டர் சேர்வதும்தான் கோளாறு.

ஆனால் அந்தக் கால் லிட்டரைப் பார்த்துவிட்டு "ரிங் போயிருச்சு" என்று சொல்வது, காய்ச்சல் என்றதும் டைஃபாய்டு என்று சொல்கிற மாதிரி. ப்ரீதரில் ஆயில் அதிகமாக வர எனக்குத் தெரிந்தே ஏழெட்டுக் காரணம் உண்டு. அவற்றில் ரிங் கடைசி.

குறையாத ஆயில்

இப்போது உங்கள் கேஜுக்கு வருவோம். வாரம் கால் லிட்டர் வெளியே போகிறது. நான்கு மாதத்தில் கணக்குப் போட்டால் கேஜின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டையும் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் ஆயில் சேர்த்ததாகவும் எழுதவில்லை. ஆனால் மட்டம் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. அப்படியென்றால் போகிற அளவுக்கோ அதற்கு மேலோ ஏதோ ஒன்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் டீசல்.

இரண்டு தடவை எரிந்த அந்த விளக்குதான் எனக்குத் துப்புக் கொடுத்தது. டிபிஎஃப் என்பது சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது நிறைந்ததும் வண்டி தானாகவே கரியை எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கு சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர, பல இன்ஜின்கள் வழக்கமான நேரத்துக்குப் பிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். சீரான வேகத்தில் பத்து இருபது நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும். நீங்கள் ஓட்டுவதோ எட்டு கிலோமீட்டர், நிறுத்தம், ஐடிலிங், மறுபடி எட்டு கிலோமீட்டர். சுத்தம் செய்யும் வேலை ஆரம்பிக்கும், பாதியில் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுவீர்கள். அடுத்த நடையில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்கைத் தாண்டி, சம்புக்குள் இறங்கும்.

மட்டம் ஏற ஏற, கிராங்க் ஆயிலுக்குள்ளேயே புரண்டு மோர் கடைகிற மாதிரி நுரை கிளப்பும். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் இன்னும் சுலபமாகப் புகையாகும். தடுப்பு வலையால் அவ்வளவையும் பிரிக்க முடியாது. எல்லாம் ப்ரீதர் வழியே வெளியே. "ஆயில் குறையவே இல்லை" என்று நீங்கள் நிம்மதியாக இருந்தது இந்தக் கலவையைப் பார்த்துத்தான். கேஜில் நிற்பது ஆயில் மட்டம், ஆயிலின் தரம் இல்லை. நீர்த்த ஆயில் பேரிங்குகளுக்குத் தேவையான படலத்தைத் தராது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில், வண்டி சமதளத்தில் இரவு முழுக்க நின்ற பிறகு, கேஜை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை தெரிகிறதா? விரலில் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணியாக இருக்கிறதா? ஒரு சொட்டை மைத்தாள் போல உறிஞ்சும் வெள்ளைத் தாளில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கருப்பு, சுற்றிலும் அகலமாக எண்ணெய்ப் பசையோடு வெளிறிய வளையம் படர்ந்தால் டீசல் கலப்பு என்று சந்தேகிக்கலாம். முடிவாகத் தெரிய லேபில் ஆயில் பரிசோதனை உண்டு, ஆனால் உங்கள் நிலைமையில் அதற்குக் காத்திருக்க வேண்டாம். பாலில் தண்ணீர் விட்ட மாதிரி வெளுத்து இருந்தால் அது வேறு கதை, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும், வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

நான் இங்கே உட்கார்ந்து கடிதத்தை வைத்துச் சொல்கிறேன், வண்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் ஹை பிரஷர் பம்ப்பின் சீல் போனாலும் இதே மாதிரி டீசல் சம்புக்குள் வரும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் டிபிஎஃபில் எவ்வளவு கரி இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தமானது, எத்தனை முறை பாதியில் நின்றது என்ற விவரம் பெரும்பாலும் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதில் உள்ள ஆபத்து

பாலக்காடு கிளம்பாதீர்கள் என்றேன் அல்லவா? டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றோடு எரியக்கூடிய எது உள்ளே வந்தாலும் எரிக்கும். சம்பில் மட்டம் ஏறி, ப்ரீதர் வழியே ஆயில் தாராளமாக ஏர் பைப்புக்குள் போனாலோ, இன்டர்கூலரின் அடியில் தேங்கிய ஆயில் திடீரென்று உறிஞ்சப்பட்டாலோ, இன்ஜின் தன் ஆயிலையே தின்று வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். பின்னால் வெள்ளைப் புகை ஊரையே மூடும். எக்காரணம் கொண்டும் பானெட்டைத் திறந்து கையாலோ துணியாலோ காற்றை அடைக்கப் போகாதீர்கள். மேனுவல் கியர் வண்டியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டி நின்ற நிலையில் பிரேக்கை முழுக்க அழுத்தி, உச்ச கியரைப் போட்டு, கிளட்சை விட்டுவிடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். அதற்குள் வேகம் எல்லை மீறிவிட்டால் இறங்கித் தள்ளி நில்லுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.

இது அடிக்கடி நடப்பதில்லை. மேல் கோட்டைத் தாண்டிய கேஜோடு மூடிய ப்ரீதர் உள்ள வண்டியை ஓட்டுவதுதான் அதற்கு விடும் அழைப்பு. அதனால் முதலில் ஆயிலை மாற்றுங்கள், இன்டர்கூலரைக் கழற்றி வடியுங்கள், அதற்குப் பிறகு ஹோஸை மாட்டிவிட்டு ஓட்டுங்கள். கூடுதலாக இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மட்டம் சரியாகும், ஆனால் டீசல் கலந்த ஆயில்தான் உள்ளே இருக்கும்.

மச்சானின் போல்ட், நண்பரின் பாட்டில், கெட்டி ஆயில்

போல்ட் யோசனையை மறந்துவிடுங்கள். மூக்கை அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும். கேஜ் ராடைத் தூக்கி எறியும், டேப்பட் கவர் கேஸ்கெட்டைப் பிதுக்கும், கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைத் தள்ளும். பின்பக்க சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இருநூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டியது அங்கே போய் நிற்கும்.

பாட்டில் அந்த அளவுக்கு மோசமில்லை. நண்பர் நல்ல மனதோடு செய்திருக்கிறார். என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது என்று நமக்குக் காட்டியதும் அதுதான். ஆனால் நிரந்தரமாக வைக்க முடியாது. வெயிலில் பிளாஸ்டிக் இளகும், ஒரு நாள் கம்பி அறுந்து ஆயில் பின் டயரில் வழியும். மழையில் மலைச்சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாட்டிலின் வாய் ஹோஸோடு இறுக்கமாக ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு அடைப்புதான். சட்டமும் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் பொருத்திய அமைப்பை மாற்றி ஓட்டி விதிமீறல் ஆனால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் வழி இருக்கிறது. புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் சைலன்சரில்தான் குழாய் விடுவார்கள், ப்ரீதரைப் பார்ப்பதில்லை. அதனால் இது சரி என்று ஆகிவிடாது.

கடையில் விற்கும் கேட்ச் கேன் (ஹோஸில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் குப்பி) போடலாமா என்று அடுத்து யாராவது சொல்வார்கள். உள்ளே வலையும் தடுப்பும் உள்ள, ஹோஸின் உள்விட்டத்தைக் குறைக்காத கேன், மூடிய சுற்றுக்குள்ளேயே பொருத்தினால் நல்லதுதான். வெறும் தகரக் குப்பிக்குப் பளபளப்பான பெயிண்ட் அடித்து விற்பதை வாங்காதீர்கள். எதைப் போட்டாலும் காரணத்தைத் தீர்த்த பிறகு போடுங்கள்.

கெட்டி ஆயில் உங்கள் வண்டிக்குக் கெடுதல். 20டபிள்யூ-50 ஊற்றினால் பழைய வண்டிகளில் சில வாரம் கசிவு குறைந்த மாதிரி தெரியும். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். வண்டியோடு வந்த மேனுவல் புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதை, பில்லோடு வாங்கி ஊற்றுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது

ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும், மேல் கோட்டைத் தொட வேண்டாம். ப்ரீதர் ஹோஸ் ஊறி உப்பியிருந்தால் புதிது போடுங்கள். டேப்பட் கவரில் பிரிப்பான் தனியாகக் கழலும் வகை என்றால் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். அதில் ரப்பர் டயாஃப்ரம் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மயிரிழை கிழிசல் இருந்தாலும் டர்போவின் இழுவை ஆயிலைத் தாறுமாறாக உறிஞ்சும். ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் இழுவை கூடி ப்ரீதரிலிருந்து ஆயில் வரும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

இன்ஜினை வெளியே நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சென்சார், வயரிங் உள்ள இடத்தில் பிரஷர் வாட்டர் அடிக்காதீர்கள். பிறகு ஈரமாக இருந்த இடங்களில் எல்லாம் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கீழேயும், காற்றுக்குப் பின்னாலும்தான் ஓடும். ஆகவே வெள்ளையில் எது மிக மேலே, மிக முன்னால் கறுத்திருக்கிறதோ அதுதான் ஊற்று. கியர்பாக்ஸில் இருக்கும் ஈரத்தைப் பார்த்துப் பயந்து பயன் இல்லை.

அடுத்தது டிபிஎஃப். ஸ்கேனர் உள்ள இடத்தில் கட்டாயச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஆயில் மட்டம் சரியாக இருக்க வேண்டும். செய்யும்போது சைலன்சர் கடுமையாகச் சூடாகும், கீழே வைக்கோல், காய்ந்த சருகு எதுவும் இருக்கக் கூடாது. சுத்தம் முழுமையாக முடியாவிட்டால் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் வால்வு), இன்ஜெக்டர், டிபிஎஃபின் அழுத்த சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு இடம், பட்டறைகளில் அதிகம் தேடாத இடம்: வேக்குவம் பம்ப். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் உண்டாக்கும் இந்தப் பம்ப், உறிஞ்சிய காற்றை நேராக இன்ஜினுக்குள்தான் தள்ளும். பூஸ்டரிலோ அதன் ட்யூபிலோ காற்று கசிந்தால் பம்ப் ஓயாமல் காற்றை இறக்கிக்கொண்டே இருக்கும், சம்பில் அழுத்தம் ஏறும், ப்ரீதர் வழியும். பார்ப்பவர் ப்ளோபை என்று நினைத்துவிடுவார். பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது கால் பக்கத்தில் "ஸ்ஸ்" என்று விடாமல் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழிந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். பட்டறையில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பார்ப்பார்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் ப்ளோபை அதிகம். இது கண்மதிப்புதான், இதை மட்டும் நம்பி 85,000 கொடுக்காதீர்கள். இதைவிட நல்லது கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூபில் பாதி தண்ணீர் விட்டு, நல்ல உயரமாக யு வடிவில் தொங்கவிட்டு, ஒரு முனையை கேஜ் துளையில் இறுக்கமாகப் பொருத்துவது. ஐடிலிங்கில் இரண்டு பக்கமும் தண்ணீர் கிட்டத்தட்ட சமமாக நின்றால் அழுத்தம் இல்லை. ஒரு பக்கம் பல அங்குலம் தூக்கினால் ஏதோ இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாச் சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு) எடுக்கச் சொல்லி, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே வேலை இருக்கிறது. எண் காட்டாமல் இன்ஜினைப் பிரிக்கலாம் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

டர்போ விஷயத்தில் என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு பள்ளி வேன் வந்தது, டர்போ முழுக்க ஆயில். மாற்றினேன். ஒரு மாதத்தில் புது டர்போவும் அதே மாதிரி. டேப்பட் கவரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே வலை கருப்பு அல்வா மாதிரி அடைத்துக் கிடந்தது. சம்பில் அழுத்தம் இருந்தால் டர்போவுக்குப் போன ஆயில் திரும்பி இறங்க முடியாது, அதனால் சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. டர்போ குற்றமே செய்யவில்லை. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், டர்போ காசை என்னால் கொடுக்க முடியவில்லை. உங்கள் இரண்டாவது மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்தாரா, ப்ரீதர் பக்கத்தைக் கழற்றினாரா என்று மட்டும் கேளுங்கள்.

கம்பெனி, விற்பனை

சட்டம் என் தொழில் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். வாரண்டி இருந்த காலத்திலேயே சர்வீஸ் சென்டரில் கசிவைச் சொன்னதாகவும், அவர்கள் ஜாப் கார்டில் "சாதாரணம்தான்" என்று எழுதி அனுப்பியதாகவும் கடிதத்தில் இருக்கிறது. அந்த ஜாப் கார்டின் நகலைத் தேடி எடுங்கள். நேரில் போய்ச் சத்தம் போடாமல், தேதிகளோடு எழுத்தில் கேளுங்கள். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்பதால், சரக்கு வண்டியாக இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர்தான். வியாபார வண்டி என்றதும் கேஸ் போட முடியாது என்று பலர் சொல்வது முழு உண்மை இல்லை. மாவட்ட ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, அதற்கு மேல் சிறு தொகைதான். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், உங்களுக்கு அதில்தான் சிக்கல் வரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள். ஒன்று மட்டும், பாட்டிலும் துணியுமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் எதிர்த்தரப்பு சொல்லப்போகும் முதல் வார்த்தை "மாற்றியமைத்திருக்கிறார்" என்பதுதான். அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பழையபடி மாட்டிவிட்டுப் போங்கள்.

கழுவி விற்பது வேண்டாம். வாங்குபவரும் உங்களைப் போல ஒரு தவணை கட்டுகிறவராகத்தான் இருப்பார். தெரிந்த குறையை மறைத்து விற்றால் பின்னால் வழக்கும் வரும், மார்க்கெட்டில் பேரும் கெடும். என் கணக்கில் உங்களுக்கு விற்க வேண்டிய அவசியமும் வராது. ஆயில், ஃபில்டர், ஹோஸ், ஸ்கேனர் கூலி எல்லாம் சேர்ந்தாலும் அந்த 85,000 பக்கத்தில் எங்கும் நிற்காது.

ஓட்டும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம். பேட்டரியை முதலில் மாற்றுங்கள். லோடு இறங்கும் நேரமெல்லாம் இன்ஜினை ஐடிலிங்கில் விடுவதுதான் கரியைக் கூட்டுகிறது. இரண்டு பாலக்காட்டுப் பயணங்களுக்கு நடுவில் ஒரு நாள், மார்க்கெட் முடிந்து வெறும் வண்டியாக நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அது அணையும் வரை வண்டியை நிறுத்தாதீர்கள். டீசல் செலவு கொஞ்சம் ஆகும், ஆகட்டும்.

ஆயில் மாற்றிய அன்று கிலோமீட்டரையும் கேஜ் மட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை, காலையில், அதே சமதளத்தில். 1,000 கி.மீ. ஆனதும் எனக்கு மறுபடி எழுதுங்கள்: மட்டம் ஏறியதா இறங்கியதா, ஸ்கேனரில் டிபிஎஃப் பற்றி என்ன வந்தது, பவுடரில் முதலில் கறுத்தது எந்த இடம்.